நாலுக்கு நாலு என்றால் கிண்ணம் யாருக்கு?

“சார், அவன் வீட்டுல லைன் போனதுக்கு எனக்கு ஏன் புள்ளி குறையுது?”

போன பள்ளி விடுமுறையில் நாங்கள் நடத்திய இணையச் சதுரங்கப் போட்டி முடிந்த இரவு, ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரல் பதிவாக அனுப்பிய கேள்வி இது. பன்னிரண்டு வயது. குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. “ரூல்ஸ் அப்படிம்மா” என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பதில் இன்றுவரை உறுத்துகிறது.

அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் போட்டி வைக்கப் போகிறோம். இந்த முறை முதல் சுற்றுக்கு முன்பே டைபிரேக் முறையை, அதாவது புள்ளி சமனானவர்களில் யார் மேலே என்று பிரிக்கும் விதியை, எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து, கிடைக்கிற முறைகளை எல்லாம் போன வருடத்துப் புள்ளிகளை வைத்தே போட்டுப் பார்த்தேன். எங்களைப் போலத் தோட்டத்துப் பக்கம் சின்ன அளவில் போட்டி நடத்துகிறவர்களுக்கு உதவுமே என்று அதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து 18 பிள்ளைகள். ஐந்து சுற்று, ஸ்விஸ் முறை, ஆளுக்கு 15 நிமிடம். ஆட்டம் நடந்தது இணையத்தில். யார் யாரோடு மோதுவது என்று ஜோடி சேர்த்ததும் புள்ளி கூட்டியதும் நான்தான், வீட்டுக் கணினியில் ஓர் அட்டவணை போட்டு. முதல் பரிசு 150 வெள்ளியும் (ரிங்கிட்) கிண்ணமும், இரண்டாம் பரிசு 100 வெள்ளி. கடைசிச் சுற்று முடிந்தபோது இரண்டு பேர் 4 புள்ளியில் நின்றார்கள். ஒருத்தி இந்தத் தோட்டத்துப் பெண், இன்னொருவன் டவுன் பையன். டைபிரேக் எதுவென்று நான் யாருக்கும் முன்கூட்டியே சொல்லவில்லை. பெரிய போட்டிகளில் புக்ஹோல்ஸ், அதாவது எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதையே போட்டேன். பையனுக்கு 13, பெண்ணுக்கு 12. கிண்ணம் பையன் கைக்குப் போனது.

ஸ்விஸ் முறையில் சமன் வருவது விபத்து அல்ல. 1895-இல் சூரிக் நகரத்துப் போட்டியில் முதலில் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். ஆள் அதிகம், நாள் குறைவு என்கிற இடத்துக்கென்றே வந்த முறை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் நிற்பவர்களைச் சேர்த்து ஆடவிடுவார்கள், யாரும் வெளியேற வேண்டியதில்லை. ஐந்து சுற்றில் ஒருவர் வாங்கக்கூடிய புள்ளி பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை அரை அரையாக (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எண்ணினால் பதினோரு படிதான். பதினோரு படியில் பதினெட்டுப் பேர் நின்றால் ஒரே படியில் இரண்டு பேர் நிற்கத்தான் செய்வார்கள். ஆகவே டைபிரேக் என்பது எப்போதாவது தேவைப்படும் விதி இல்லை. போட்டி அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டிய விதி.

இனி அந்த இரண்டு பேரின் ஐந்து சுற்று.

பெண் முதல் மூன்று சுற்றையும் ஜெயித்தாள், நான்காவதில் தோற்றாள், ஐந்தாவதை ஜெயித்தாள். அவளோடு ஆடியவர்கள் கடைசியில் எடுத்த புள்ளிகள் சுற்று வரிசையில்: 0, 2½, 3, 3½, 3.

பையன் முதல் சுற்றை ஜெயித்தான், இரண்டாவதில் தோற்றான், மீதி மூன்றையும் ஜெயித்தான். அவனோடு ஆடியவர்களின் புள்ளிகள்: 2, 3, 2½, 2, 3½.

பெண்ணின் வரிசையில் முதலில் நிற்கும் அந்தப் பூஜ்யத்தைப் பாருங்கள். வேறொரு தோட்டத்துப் பையன் அவன். அப்பாவின் கைப்பேசியில் ஆடினான். முதல் சுற்றில் இருபது நகர்த்தல் வரை இருவரும் சரிக்குச் சரியாகத்தான் போனார்கள். அப்புறம் மழை பிடித்தது, இணைய லைன் விட்டு விட்டு வந்தது, நேரம் கரைந்து தோற்றான். இரண்டாம் சுற்றுக்கு லைன் சுத்தமாக இல்லை. செம்பனைக்கு நடுவில் இருக்கும் லயத்து வீடுகளில் மழைக்காலத்தில் இது வழக்கம். அவன் திரும்பி வரவே இல்லை. ஆடிய ஒரே ஆட்டத்தில் தோல்வி, மீதி நாலு சுற்று வெற்றிடம், மொத்தம் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் அவனோடு நிற்காமல் அவனை ஜெயித்தவளின் கணக்குக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதுதான் புக்ஹோல்ஸின் வேலை. ஜெர்மனியரான புருனோ புக்ஹோல்ஸ் 1932-இல் முன்வைத்த முறை. நம்மோடு ஆடியவர்கள் அனைவரின் இறுதிப் புள்ளிகளையும் கூட்டு. கூட்டுத்தொகை அதிகமென்றால் கடினமான பாதையில் வந்திருக்கிறோம் என்று அர்த்தம். கோ என்ற பலகை விளையாட்டை ஆடுகிறவர்களும் இதே கணக்கை வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள். அடிப்படை எண்ணத்தில் எனக்குக் குறை இல்லை. ஒரே நாலு புள்ளியை ஒருவர் பலசாலிகளை வென்று எடுத்திருக்கலாம், இன்னொருவர் புதுசாக ஆடுகிறவர்களை வென்று எடுத்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். ஆனால் இந்த முறை ஒன்றை நம்பி நிற்கிறது: வந்த எல்லோரும் கடைசிவரை ஆடுவார்கள் என்பதை. ஒரு மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஆடும் போட்டியில் அது பெரும்பாலும் நடக்கும். இணையத்தில் நடக்காது. லைன் போகும், பேட்டரி தீரும், அம்மா கடைக்கு அனுப்புவார், இரண்டு சுற்றில் தோற்றவன் சத்தமில்லாமல் வெளியேறி வேறு விளையாட்டுக்குப் போவான். ஜோடியில் யார் வருவார் என்பது ஆட்டக்காரர் கையில் இல்லை. அந்த ஆள் கடைசிவரை இருப்பாரா என்பது அதைவிட இல்லை.

இதற்கு வைத்தியம் ஏற்கெனவே இருக்கிறது. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் டைபிரேக் விதிகளில், பாதியில் விலகியவர் ஆடாத சுற்றுகளை, அவரோடு ஆடியவர்களின் கணக்குக்காக மட்டும், டிராவாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. விலகியவருக்குப் புள்ளி கிடைக்காது; அவரை வென்றவர் அடிபடவும் மாட்டார். எங்கள் கணக்கில் போட்டுப் பார்த்தேன். அந்தப் பையன் ஆடாத நாலு சுற்றுக்கு நாலு அரை, ஆக 2. பெண்ணின் வரிசை 2, 2½, 3, 3½, 3 என்று மாறுகிறது. கூட்டினால் 14. பையனுக்கு அதே 13. ஒரு விதி தெரியாததால் முதல் இடம் இடம் மாறியிருக்கிறது. அட்டவணையில் அந்த 14-ஐப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இன்னொரு வைத்தியமும் உண்டு, அதைச் சின்னப் பிள்ளைக்கும் ஒரே வரியில் விளக்கிவிடலாம். நம்மோடு ஆடியவர்களில் மிகக் குறைந்த புள்ளிக்காரர் ஒருவரை அடித்துவிட்டு மீதியைக் கூட்டுவது. புக்ஹோல்ஸ் கட்-1 என்பார்கள். பெண்ணுக்குப் பூஜ்யம் போய் 12. பையனுக்கு ஒரு 2 போய் 11. விலகியவனுக்கு டிரா கொடுத்த பிறகு கட்-1 போட்டாலும் பெண்ணுக்கு அதே 12தான் வருகிறது, பையனுக்கு அதே 11. ஒரு பிள்ளை லைன் போய் வெளியேறினானா, இருந்து தோற்றானா என்பதைப் பற்றி நடுவர் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். எப்படி எடுத்தாலும் விடை அசையவில்லை. எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். உயர்ந்த புள்ளிக்காரர், குறைந்த புள்ளிக்காரர் இருவரையும் அடிக்கும் மீடியன் முறையும் இருக்கிறது. ஏழு, ஒன்பது சுற்றுப் போட்டிக்கு அது சரி. ஐந்து சுற்றில் இரண்டை அடித்தால் கையில் மூன்றே எண்தான் மிஞ்சும், எனக்கு அது போதவில்லை.

அடுத்தது சொன்னெபோர்ன்-பெர்கர். பெயர் சொன்னெபோர்ன், பெர்கர் என்ற இருவருடையது. ஆனால் முறையை முதலில் சொன்னவர் ஆஸ்கார் கெல்ப்ஃபூஸ், 1873-இல். நாம் வென்றவர்களின் புள்ளியை முழுசாகவும், டிரா செய்தவர்களின் புள்ளியைப் பாதியாகவும் கூட்டுவது. தோற்ற ஆட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஸ்விஸ் போட்டி வைத்தால் சமனைப் பிரிப்பது இந்த முறைதான், தானாகவே கணக்குப் போட்டுக் காட்டிவிடும். பெரிய ஆளிடம் தோற்றதற்கெல்லாம் பலன் கிடையாது, ஜெயித்துக் காட்டியதற்குத்தான் பலன் என்கிற அதன் நியாயம் நல்ல நியாயம். எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் போட்டியில் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. எங்கள் கணக்கிலோ பெண்ணுக்கு 8½, பையனுக்கு 10. மறுபடியும் அதே பூஜ்யம். விலகியவனுக்கு 2 என்று திருத்திப் போட்டால் பெண்ணுக்கு 10½, பையனுக்கு 10. இந்த முறை வென்ற ஆட்டங்களை மட்டுமே பார்ப்பதால், விலகிப்போன ஒருவரை ஜெயித்தவருக்கு அடி இன்னும் பலமாக விழுகிறது. ஐந்து எண்ணில் ஒன்று காலியாவதும் நாலு எண்ணில் ஒன்று காலியாவதும் ஒன்றல்ல.

இங்கே பையன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் வரைவை அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு, “அண்ணே, அவ தோத்த ஆளைத்தான் நான் கடைசி ரவுண்ட்ல ஜெயிச்சேன்” என்றான். உண்மை. 3½ எடுத்து மூன்றாவதாக வந்த பையனிடம் இவள் நான்காவது சுற்றில் தோற்றாள், இவன் ஐந்தாவது சுற்றில் அவனையே வென்றான். அவள் ஜெயிக்கிற மாதிரி ஒரு முறையைத் தேடிப் பிடித்து இப்போது நியாயம் பேசினால் அதுவும் அநியாயம்தான். ஆகவே யார் ஜெயிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எங்கள் ஊர்ப் போட்டிக்கு எது பொருந்தும் என்று வேறு கேள்விகள் வைத்துக்கொண்டேன். லைன் போய் ஒருவர் விலகினால் மற்றவர் பாதிக்கப்படக் கூடாது. தோட்டத்தில் இருக்கும் அப்பா அம்மா ஒரு தாளும் பென்சிலும் வைத்துத் தாங்களே கூட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியாக, முடிந்தவரை ஆட்டத்தில் செய்தது பேச வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு முதலில் நிற்பது நேரடி மோதல். சமனான இரண்டு பேரும் போட்டிக்குள் மோதியிருந்தால் அதில் வென்றவர் மேலே. இதற்கு விளக்கமே வேண்டாம். தோட்டத்துக் கால்பந்துத் திடலில் வளர்ந்த யாரிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். குறை, ஸ்விஸ் முறையில் அந்த இருவரும் மோதாமலே போகலாம் என்பது. எங்கள் பிள்ளைகள் இருவரும் மோதவில்லை. மூன்று பேர் சமனாகி, ஒருவரை ஒருவர் வட்டமாக வென்றிருந்தாலும் இது விடை தராது. ஆனாலும் விடை தருகிற இடத்தில் இதைத் தாண்டி வேறொன்றைப் பார்க்கக் கூடாது என்பது என் முடிவு.

வெற்றி எண்ணிக்கை என்றொரு முறை: அதிக ஆட்டங்களை ஜெயித்தவர் மேலே, டிராவில் புள்ளி சேர்த்தவர் கீழே. சதுரங்க உலகமே இதன் பலத்தைப் பார்த்தது 2013-இல். உலகச் சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்க லண்டனில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் மேக்னஸ் கார்ல்சனும் விளாடிமிர் கிராம்னிக்கும் 14 சுற்றில் ஆளுக்கு 8½. இருவரும் கடைசிச் சுற்றில் தோற்றுப் போனார்கள். நேரடி மோதலும் சமன். கார்ல்சன் ஐந்து ஆட்டங்களை வென்றிருந்தார், கிராம்னிக் நான்கு. அந்த ஒரு வெற்றிதான் கார்ல்சனைச் சென்னைக்கு, அப்போதைய சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிரே கொண்டுவந்து உட்கார வைத்தது. அந்த நவம்பரில் உலகப் பட்டம் கை மாறியது. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: கார்ல்சன் இரண்டு ஆட்டம் தோற்றிருந்தார், கிராம்னிக் ஒன்றுதான். அதிகம் தோற்றவர் மேலே போகலாமா என்று கேட்டால் கேள்வி நியாயமானதே. ஆனால் விதி முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கிராம்னிக்குக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பிள்ளைகளிடம் இந்த முறை எடுபடாது. அவர்கள் டிரா செய்வது அபூர்வம். ராஜா மட்டும் மிஞ்சும்வரை ஆடுவார்கள். நாலு புள்ளி என்றால் அநேகமாக நாலு வெற்றிதான்.

ஏறுமுகப் புள்ளி எனக்குப் பாதி பிடிக்கிறது, பாதி பிடிக்கவில்லை. ஒவ்வொரு சுற்று முடிவிலும் கையில் இருந்த புள்ளிகளைக் கூட்டுவது. பெண்ணுக்கு 1, 2, 3, 3, 4, ஆக 13. பையனுக்கு 1, 1, 2, 3, 4, ஆக 11. தொடக்கத்திலேயே ஜெயித்துக்கொண்டு போனவர் மேல் படியில் பலசாலிகளோடு மோதியிருப்பார் என்பது அதன் கணக்கு. மற்றவர் விலகினாலும் மழை பெய்தாலும் இந்த எண் அசையாது, முழுக்க நம்முடைய சொந்தப் புள்ளி. கூட்டுவதும் சுலபம். ஆனால் ஒரே ஒரு தோல்வி இரண்டாவது சுற்றில் வந்தால் குற்றம், நான்காவதில் வந்தால் பரவாயில்லை என்கிற பாகுபாடு அதனிடம் இருக்கிறது. முதல் சுற்றில் பதற்றப்பட்டுத் தோற்று அப்புறம் சுதாரித்து வரும் பிள்ளைகள் எங்களிடம் நிறைய. அவர்களை இது எப்போதும் பின்னால் தள்ளும். மற்ற எல்லாம் சமனான பிறகு கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

எதிராளிகளின் ரேட்டிங்கை (ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணை) வைத்துக் கணிக்கும் முறைகளைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டிக்காக அந்த வாரம்தான் கணக்குத் திறந்தார்கள். லிச்செஸ் தளத்தில் புதுக்கணக்கு எல்லோருக்கும் 1500-இல்தான் தொடங்குகிறது. குதிரை எப்படிப் போகும் என்று இப்போதுதான் கற்றுக்கொள்ளும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் 1500, பள்ளிப் போட்டிகளில் கிண்ணம் வாங்கிய பிள்ளைக்கும் 1500. அந்த எண்ணை நம்பி ஒரு பரிசைக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

சமனே அதிகம் வராத மாதிரி போட்டியின் வடிவத்தையே மாற்றலாமே என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். அவர் சொன்னது அரீனா. குறித்த நேரம் முடியும்வரை யார் கிடைத்தாலும் ஆடிக்கொண்டே இருப்பது. லிச்செஸில் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1, தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டால் அடுத்தடுத்த வெற்றிகளுக்கு இரட்டிப்பு. தன் நேரத்தைத் தானே பாதியாக வெட்டிக்கொண்டு ஆடி வென்றால் இன்னும் ஒரு புள்ளி கூடுதல். புள்ளிகள் விரிந்து போவதால் சமன் குறைவு. வந்தாலும் போட்டியில் காட்டிய ஆட்டத்தரத்தை வைத்துத் தளமே பிரித்துவிடும். பார்க்க விறுவிறுப்பு. எனக்கு இது வேண்டாம். அரீனாவில் புள்ளி என்பது வேகம், வேகம் என்பது லைன். டவுனில் ஃபைபர் வைத்த வீட்டுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் பத்து ஆட்டம் ஆடிவிடும். ஏழாங்கட்டையில் அப்பாவின் கைப்பேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து ஆடும் பிள்ளை ஆறு ஆடினால் பெரிது. ஒரு தடவை லைன் அறுந்தால் இரட்டிப்பும் போச்சு. அந்த வித்தியாசத்தைப் புள்ளியாக்கிப் பலகையில் ஏற்றும் போட்டியை எங்கள் ஊரில் நான் நடத்த மாட்டேன்.

மற்ற பலகை விளையாட்டுகளைப் பார்த்தால், ஸ்கிராபிள் போட்டிகளில் வெற்றிகள் சமனானால் மொத்த வித்தியாசப் புள்ளியைப் பார்ப்பார்கள்: நீ எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாய், எத்தனையில் தோற்றாய் என்று கூட்டிக் கழித்தது. அங்கே அது பொருந்துகிறது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி எண்ணிக்கை இருப்பதால். அதன் பக்க விளைவு, பலவீனமானவரை இரக்கமில்லாமல் நசுக்கினால் லாபம் என்பது. அடுத்த வருடம் கேரம் பலகை வைத்து ஏதாவது செய்யலாம் என்று பேச்சு இருக்கிறது. அப்போது இந்தக் கேள்வி எங்களுக்கும் வரும். புதுசாக ஆட வரும் பிள்ளைகளை 25-0 என்று அனுப்பிவைக்கத் தூண்டும் விதியை அங்கேயும் முதலில் வைக்கக் கூடாது.

இத்தனை கூட்டல் கழித்தலுக்கும் பதிலாக இருவரையும் மறுபடி ஆடவிட்டால் என்ன? எல்லோரும் கேட்பது இதுதான், எனக்கும் இதில்தான் சாய்வு. 2025 பிப்ரவரி 2 அன்று நெதர்லாந்தின் விக் ஆன் ஜீயில் டாட்டா ஸ்டீல் போட்டி முடிந்தபோது நம் சென்னைப் பிள்ளைகள் இருவர், குகேஷும் பிரக்ஞானந்தாவும், 13 சுற்றில் ஆளுக்கு 8½. இருவருமே அன்று கடைசிச் சுற்றில் தோற்றிருந்தார்கள். எந்தக் கூட்டுத்தொகையையும் பார்க்காமல் அதிவேக ஆட்டம் வைத்தார்கள். முதல் ஆட்டம் குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு, மூன்றாவதிலும் பிரக்ஞானந்தா. குகேஷ் அப்போது உலகச் சாம்பியன். ஆனாலும் தோற்றவருக்கோ பார்த்தவர்களுக்கோ கணக்கு இடிக்கவில்லை, பலகையில் நடந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் இணையத்திலேயே அந்தக் கூடுதல் ஆட்டத்தையும் வைத்தால் பழைய வினை திரும்பி வரும். 2020 இணைய ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதியபோது இந்திய ஆட்டக்காரர் இருவருக்கு இணைப்பு அறுந்து நேரம் போனது. இந்தியா முறையிட்டது, ஃபிடே இரு நாட்டையும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவித்தது. உலகத் தரத்துப் போட்டிக்கே அந்தக் கதி என்றால் ஐந்து நிமிட ஆட்டத்தில் தோட்டத்து லைனை நம்ப முடியுமா? இங்கேதான் எங்கள் ஊர் சின்னதாக இருப்பது கைகொடுக்கிறது. ஏழாங்கட்டையிலிருந்து டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். முதல் இடத்துக்குச் சமன் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கோயில் மண்டபத்துக்கு வரச் சொல்லி, மரப்பலகையில், கண்ணெதிரே ஆட வைத்துவிடலாம். ஆளுக்குப் பத்து நிமிடத்தில் இரண்டு ஆட்டம், நிறம் மாற்றி. அதுவும் சமனானால் ஆர்மகெடான்: வெள்ளைக்கு ஐந்து நிமிடம், கறுப்புக்கு நான்கு, டிரா ஆனால் கறுப்பு வென்றதாக முடிவு. கணினியைப் பார்த்து ஆடினானோ என்ற முணுமுணுப்புக்கும் அந்த மண்டபத்தில் இடம் இருக்காது. இந்த முணுமுணுப்பு போன வருடம் ஒரு வீட்டிலிருந்து வந்தது, ஆதாரம் எதுவும் இல்லாமல்.

எல்லா இடத்துக்கும் இப்படி ஆட வைக்க முடியாது. ஏழாவது இடத்துக்கு இரண்டு குடும்பத்தை ஞாயிற்றுக்கிழமை அலையவிடுவது நியாயமில்லை. ஆகவே முதல் இடத்துக்கு மட்டும்.

கிண்ணத்தைப் பிரித்துக் கொடுத்துவிடலாமே என்று தலைமையாசிரியர் ஒருவர் சொன்னார். 2024 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் கார்ல்சனும் நெபோம்னியாச்சியும் உலக பிளிட்ஸ் (அதிவேகச் சதுரங்க) பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்களே என்றார். அவர்கள் இறுதியில் ஏழு ஆட்டம் ஆடி, கடைசி மூன்றும் டிராவான பிறகு பகிர்ந்தது. ஆடாமலே பகிர்வது வேறு. பிள்ளைகள் இருவருமே அதை விரும்பவில்லை என்று கேட்டறிந்தேன்.

பணம் மட்டும் தனிக்கதை. அதில் பகிர்வு எனக்குச் சரியாகவே படுகிறது. செக் நாட்டுக் கிராண்ட்மாஸ்டர் விளாஸ்டிமில் ஹோர்ட்டின் பெயரால் வழங்கும் ஒரு முறை இருக்கிறது: ஒவ்வொரு பரிசின் பாதியை இடவரிசைப்படி கொடு, மீதிப் பாதிகளை ஒன்றாக்கிச் சமனானவர்களுக்குச் சரிபங்காகக் கொடு. எங்கள் 150-க்கும் 100-க்கும் போட்டால், முதலாமவருக்கு 75, இரண்டாமவருக்கு 50, மீதி 125-ஐ இரண்டாக்கினால் ஆளுக்கு 62 வெள்ளி 50 காசு. ஆக 137.50, 112.50. முன்பு 50 வெள்ளி வித்தியாசம், இப்போது 25. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு இடையே 25 வெள்ளி போதும். இந்தக் கணக்கைப் பரிசு கொடுக்கும் கடைக்காரரிடம் சொன்னபோது, “மொத்தம் அதே 250 தானே தம்பி, எப்படிப் பிரிச்சா என்ன” என்று உடனே ஒப்புக்கொண்டார்.

ஆக, குழுவில் பேசி முடித்த வரிசை இது. முதல் இடத்துக்குச் சமன் என்றால் மண்டபத்தில் ஆட்டம். மற்ற இடங்களுக்கு முதலில் நேரடி மோதல். அதில் விடை இல்லையென்றால் புக்ஹோல்ஸ் கட்-1. அதுவும் சமன் என்றால் முழு புக்ஹோல்ஸ், விலகியவர்கள் ஆடாத சுற்றுகளை டிராவாக எண்ணி. அதிலும் தீரவில்லையென்றால் ஏறுமுகப் புள்ளி. மூன்று பேர் முதலிடத்தில் சமனானால் கட்-1-இல் கடைசியாக வருபவர் மூன்றாம் இடம், மற்ற இருவர் மண்டபத்துக்கு. இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மூன்று பேரையுமே ஆட வைக்க மண்டபம் அன்று மாலைவரை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். போட்டியில் பாதியில் யாராவது மோசடி செய்து நீக்கப்பட்டால், அவரோடு ஆடியவர்களுக்கு அந்த ஆட்டம் டைபிரேக் கணக்கில் சேராது என்றும் எழுதியிருக்கிறோம். இந்த விதிகளோடு போன வருடத்து இரண்டு பிள்ளைகளின் ஐந்து எண்களையும், பெயர் இல்லாமல், கணக்குப் போட்டுக் காட்டி ஒரே பக்கமாகப் புலனக் குழுவில் போடப் போகிறோம். பதிவு செய்கிற பெற்றோர் அதைப் படித்தேன் என்று பதில் எழுதிய பிறகுதான் பெயர் சேரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தின் வரைவை எடுத்துக்கொண்டு ஏழாங்கட்டைக்குப் போனேன். அவள் அப்பா காட்டுவேலை முடித்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவளிடம் பென்சிலைக் கொடுத்தேன். தானே கூட்டினாள். முழுசாக ஒரு தடவை, கட்-1 ஒரு தடவை, ஆடாத சுற்றுக்கு அரை அரை சேர்த்து ஒரு தடவை. 12, 12, 14 என்று எழுதிக் கோடு போட்டாள். விதி தெரியாமல் போட்ட என் கணக்குதான் தப்பு என்று அவளிடமும் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா, “கிண்ணத்தத் திருப்பி வாங்கப் போறதில்லயே சார்?” என்று கேட்டார். இல்லை, அது பையனுடையது, அன்றைக்கு அவனும் ஆடித்தான் எடுத்தான் என்றேன். தலையாட்டினார்.

அவள் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மண்டபத்துல ஆடுனா முதல் ஆட்டம் யாருக்கு வெள்ளை?” என்று கேட்டாள்.

அதை நாங்கள் எழுதியிருக்கவில்லை. இருவரில் மூத்தவர் ஒரு கையில் வெள்ளை, மறு கையில் கறுப்புச் சிப்பாயை மறைத்து நீட்டுவார், இளையவர் ஒரு கையைத் தொடுவார் என்று அங்கேயே அவள் பென்சிலால் வரைவின் கடைசியில் சேர்த்தேன்.